பென்ரோஸ் வடிவ டீப்பாய் செய்யக் கொடுப்பவர்களுக்கு

எங்கள் வீட்டு ஹாலில் இருக்கும் டீப்பாய்க்கு, மரத்துண்டுகளைப் பென்ரோஸ் என்கிற கணித வடிவத்தில் ஒட்டிச் செய்த இந்த மேல்பலகை இரண்டாவது. முதலாவது, மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டிச் சாய்ந்து கிடக்கிறது. ஏப்ரலில் அதைச் செய்து முடித்தபோது வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். நவம்பர் மழையில் நடுப்பகுதி துண்டு துண்டாக எழும்பி, பொரித்த அப்பளம் போல ஆனது. 22,000 ரூபாய் போயிற்று.

திரையில் பார்த்தவரை வரைபடத்தில் எந்தத் தப்பும் தெரியவில்லை. ஆனால் திரையில் வரைகிற கோட்டுக்குத் தடிமன் கிடையாது, திரையில் காட்டுகிற மரத்துக்கு ஈரமும் கிடையாது. பட்டறையில் ரம்பமும் மரத்தைத் தின்னும், மழையும் மரத்துக்குள் போகும். இதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். நீங்கள் அப்படிப் பணத்தைத் தொலைக்க வேண்டாம் என்பதற்காக, இரண்டாவது முறை செய்த வரிசையில் எழுதுகிறேன். விலைகள் சென்னையில் நான் கொடுத்தவை. உங்கள் ஊரில் முன்னே பின்னே இருக்கும்.

1. மரத்துக்குத் தோதான வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்

கணித வடிவம் என்று தேடினால் அழகழகாகப் படங்கள் வரும். அவற்றில் பாதி மரத்துக்கு ஆகாது.

முதல்முறை செய்பவர் என்றால் அறுகோணத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒரே துண்டு, ஒரே கோணம், எந்த ஆசாரிக்கும் பழக்கமான வேலை. வொரொனாய் என்கிற குமிழி போன்ற ஓட்டை வடிவம் படத்தில் பிரமாதமாக இருக்கும். ஆனால் டம்ளர் நிற்காது, மேலே கண்ணாடி போட்டே ஆக வேண்டும். அது டஃப்பன்ட் கண்ணாடி என்றால் பதப்படுத்திய பிறகு வெட்டவே முடியாது. அளவில் 2 மி.மீ. தவறினாலும் புதிதாகத்தான் வாங்க வேண்டும். சிக்குக் கோலத்தைப் பித்தளைக் கம்பியில் பதிக்கலாம். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. கோலத்தில் கோடு கோட்டைக் கடந்து போகும், ஒரே மட்டத்தில் பதித்த கம்பி கடக்காது. ஒவ்வொரு சந்திப்பிலும் ஒன்றை வெட்டி ஒட்டியாக வேண்டும். எத்தனை சந்திப்பு என்று முதலில் எண்ணிவிடுங்கள், கூலி அதில்தான் ஏறும்.

நான் எடுத்தது பென்ரோஸ் வடிவம். இரண்டே துண்டுகளால் தளம் முழுக்க நிரம்பும், ஆனால் எவ்வளவு தூரம் நீட்டினாலும் ஒரே சீராகத் திரும்ப வராது. வரைபடத்தைப் பார்த்துவிட்டு அம்மா சொன்னது: “இந்தக் கோலம் ஆரம்பிச்ச இடத்துக்கே வரமாட்டேங்குதேடா.” சரியாகத்தான் சொன்னாள்.

இதில் இரண்டு வகை பிரபலம். ஒன்று பட்டமும் அம்பும், மற்றது இரு சாய்சதுரங்கள். மரத்துக்குச் சாய்சதுரத்தையே எடுங்கள். அம்புத் துண்டில் 216 பாகையில் உள்நோக்கி மடங்கும் ஒரு மூலை இருக்கிறது. கணினி சொன்னபடி சுழலும் பிட்டால் வெட்டும் சிஎன்சி ரௌட்டர் அந்த மூலையைக் கூர்மையாக வெட்டாது. பிட்டின் ஆரத்துக்கு வளைத்துவிடும். கையில் உளி வைத்து 80 மூலைகளைச் சரி செய்ய யாருக்கும் பொறுமை இல்லை. சாய்சதுரத்தில் எல்லா மூலையும் வெளிநோக்கியவை, எந்த இயந்திரத்திலும் வெட்டலாம்.

ஒரு சாய்சதுரத்தின் கோணங்கள் 72, 108. இன்னொன்றின் கோணங்கள் 36, 144. பக்க நீளம் இரண்டுக்கும் ஒன்றே. பட்டறையில் இவற்றுக்குக் குண்டு, ஒல்லி என்றே பெயர் வைத்துவிட்டோம். இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

2. அளவும் துண்டுகளின் கணக்கும்

உயரத்தில் தொடங்குங்கள். சோபா இருக்கையைவிட ஓரிரு அங்குலம் தாழ்வாக இருந்தால் வசதி. பெரும்பாலான வீடுகளுக்கு 16 முதல் 17 அங்குலம் போதும். நீளம் சோபாவில் மூன்றில் இரண்டு பங்கு. சோபாவுக்கும் டீப்பாய்க்கும் இடையே ஒன்றேகால் அடியாவது விடுங்கள், இல்லாவிட்டால் முழங்கால் இடிக்கும்.

வடிவம் நிரம்பும் பரப்பு எனக்கு 1000 மி.மீ. நீளம், 600 மி.மீ. அகலம். சுற்றிலும் 20 மி.மீ. தேக்குச் சட்டம் தனி. துண்டின் பக்கம் 60 மி.மீ. என்று வைத்தேன். இதில் ஒரு குண்டின் பரப்பு சுமார் 3,424 சதுர மி.மீ., ஒரு ஒல்லியின் பரப்பு சுமார் 2,116. பென்ரோஸ் வடிவத்தில் குண்டுக்கும் ஒல்லிக்கும் உள்ள எண்ணிக்கை விகிதம் பொன்விகிதத்தை, அதாவது 1.618-ஐ நெருங்கும். அப்படிப் பார்த்தால் மொத்தம் சுமார் 205 துண்டுகள்: 127 குண்டு, 78 ஒல்லி. ஓரத்தில் வெட்டுப்படும் துண்டுகளுக்காகக் கூடுதலாக 30 வைத்துக்கொண்டேன்.

மரம் வாங்கும்போது இந்த எண்ணிக்கை விகிதத்தை நம்பாதீர்கள், பரப்பு விகிதத்தைப் பாருங்கள். அது 2.618-க்கு 1. நூறு பங்கில் 72 பங்கு குண்டுக்கான மரம், 28 பங்கு ஒல்லிக்கானது. முதல் முறை நான் 60-க்கு 40 என்று வாங்கியதில் ஒல்லிக்கான அடர் நிற மரம் மிஞ்சி, குண்டுக்கான தேக்குக்காக மறுபடி கடைக்கு ஓடினேன். இரண்டாவது தடவை வாங்கிய தேக்கு முதல் தேக்கின் நிறத்தில் இல்லை.

பக்க அளவை 40 மி.மீ.க்குக் குறைத்தால் துண்டுகள் 460-ஐத் தாண்டும். கூலியும் இரண்டு மடங்குக்கு மேல். ஆசையாகத்தான் இருக்கும், வேண்டாம்.

3. வரைபடம்: இந்தப் படியில் அவசரம் கூடாது

நிரல் எழுதத் தெரிந்த நண்பர் யாராவது இருந்தால், ஐந்து இணைகோட்டுத் தொகுதிகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கிட வைத்து வரையும் டி புருயின் முறையைச் சொல்லுங்கள், ஒரு மாலையில் முடித்துவிடுவார். இல்லாவிட்டால் இணையத்தில் இலவசமாக வரைந்து தரும் கருவிகள் கிடைக்கின்றன. அதை இங்க்ஸ்கேப் என்கிற இலவச வரைகலை மென்பொருளில் திறந்து கீழே உள்ளவற்றைச் சரிபாருங்கள். இவற்றில் மூன்றில் நான் மாட்டிக்கொண்டேன்.

அளவு மாறிப்போவது. எஸ்விஜி என்கிற வரைபடக் கோப்பை ஒரு மென்பொருள் அங்குலத்துக்கு 96 புள்ளி என்று படிக்கும், இன்னொன்று 72 என்று படிக்கும். கடைக்குப் போய்த் திறந்தால் வரைபடம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகியிருக்கும். கோப்பின் மூலையில் 100 மி.மீ. சதுரம் ஒன்றை வரைந்து வைத்துவிடுங்கள். கடைக்காரர் திறந்தவுடன் அதை அளக்கச் சொல்லுங்கள். வெட்டும் இயந்திரங்களுக்குப் பழக்கமான டிஎக்ஸ்எஃப் வடிவிலும் கோப்பைக் கொடுங்கள்.

இரட்டைக் கோடு. பக்கத்துப் பக்கத்துத் துண்டுகள் ஒரே கோட்டைப் பகிர்வதால், கோப்பில் அந்தக் கோடு இரண்டு முறை இருக்கும். லேசர் அதே இடத்தை இரண்டு தடவை சுடும், விளிம்பு கரியாகிவிடும். அதைவிட முக்கியம், துண்டுகளை ஒட்டினாற்போல் வைத்து வெட்டவே கூடாது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்து அடுக்கி வெட்டுங்கள்.

வெட்டு தின்னும் அகலம். லேசர் சுமார் 0.2 மி.மீ. தின்னும். ஒரு துண்டில் அது ஒன்றுமில்லை. நீளவாக்கில் 20 துண்டுகள் வரிசையாக வரும்போது 4 மி.மீ. குறைந்திருக்கும். அதனால் ஒவ்வொரு துண்டையும் சுற்றிலும் 0.1 மி.மீ. பெருக்கி வரையுங்கள். உங்கள் கடையின் லேசர் எவ்வளவு தின்கிறது என்பதை மாதிரித் துண்டில் அளந்து பார்த்துவிட்டு இந்த எண்ணை மாற்றிக்கொள்ளலாம்.

ஓரச் சில்லுகள். செவ்வகத்தின் ஓரம் வடிவத்தை எங்கே வெட்டுகிறது என்று பாருங்கள். கத்தி முனை போன்ற சில்லுத் துண்டுகள் விழுந்தால் அவை ஒட்டவும் ஒட்டாது, ஒட்டினாலும் பெயரும். வடிவம் முடிவில்லாதது, செவ்வகத்தை அதன்மேல் அங்கும் இங்கும் நகர்த்திப் பாருங்கள். எனக்கு ஏழாவது இடத்தில் சில்லு இல்லாமல் கிடைத்தது.

கடைசியாக, ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டு, முழு அளவில் ஃப்ளெக்ஸ் கடையிலோ பெரிய தாளில் அச்சிடும் பிளாட்டர் இருக்கும் ஜெராக்ஸ் கடையிலோ காகிதத்தில் அச்செடுங்கள். எனக்கு 300 ரூபாய் ஆனது. மொத்தச் செலவில் இந்த 300-தான் உருப்படியான செலவு. ஏன் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது.

முதல் முறை ஆசாரி கேட்டார்: “சார், ஒரு அடிக்கு ஒரு அடி டிசைனைக் குடுங்க, மிச்சத்தை நான் ஓட்டிக்கிறேன்.” நானும் கொடுத்தேன். அவரும் ஓட்டினார். எல்லாத் துண்டும் இடைவெளியில்லாமல் பொருந்தியது. ஆனால் பாதிக்கு மேல் ஒரே வரிசை திரும்பத் திரும்ப வந்து, ஜமுக்காளக் கரை போல ஆகிவிட்டது. சாய்சதுரங்களின் விளிம்பில் எது எதோடு சேரலாம் என்பதற்கு விதி உண்டு. அதை விட்டுவிட்டால் அவை சாதாரணமாகத் திரும்பத் திரும்பவும் அடுக்குப்படும். கைக்குப் பொருந்துகிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள். எண் போட்ட முழு அச்சு இல்லாமல் ஒரு துண்டும் ஒட்டக் கூடாது.

4. எழுத்தில் வாங்க வேண்டியவை

ஆசாரியோடு ஒப்பந்தமா என்று கூச்சப்படாதீர்கள். ஒரு பக்கம் போதும், இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி. அதில் இருக்க வேண்டியவை: மொத்த அளவு, மரத்தின் பெயர், பிளைவுட்டின் தரமும் கனமும், மேலே ஒட்டும் துண்டின் கனம், பாலிஷ் வகையும் எத்தனை கோட் என்பதும், தினக்கூலியா மொத்தக் கூலியா, முடிக்கும் தேதி.

கனத்தை மி.மீ.யிலும் நூலிலும் சேர்த்து எழுதுங்கள். என்னுடைய 22,000 ரூபாய் போனது இந்த ஒரு சொல்லில்தான். மேல்துண்டு எவ்வளவு கனம் என்று கேட்டபோது “மூணு” என்று சொன்னேன். நான் நினைத்தது 3 மி.மீ., அவர் எடுத்துக்கொண்டது மூன்று நூல். மரவேலையில் ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். மூன்று நூல் என்றால் ஒன்பதரை மி.மீ. அறுத்துக் கொண்டுவந்ததைப் பார்த்தபோது, கனமாக இருந்தால் உறுதிதானே என்று எனக்கும் தோன்றியது. அவர் பேரில் குற்றம் சொல்ல எதுவுமில்லை.

பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்: மரம் வாங்க 30 சதவீதம், துண்டுகளை ஒட்டாமல் அச்சின் மேல் அடுக்கிக் காட்டிய பிறகு 40, பாலிஷ் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு 30. ஒரு மழைக்காலம் முடியும்வரை கொஞ்சம் நிறுத்திவைக்கலாமா என்று கேட்டுப் பார்த்தேன். ஆசாரி சிரித்தார், அத்தோடு விட்டுவிட்டேன்.

மரக்கடை, பிளைவுட் கடை இரண்டிலும் பில் கேளுங்கள். லோடு ஆட்டோவில் மரம் ஏற்றி வரும்போது அந்த பில் கையில் இருக்கட்டும். தனி ஆசாரியிடம் கொடுக்காமல் ஃபர்னிச்சர் பட்டறையில் முழுப் பொருளாகச் செய்து வாங்கினால் மர ஃபர்னிச்சருக்கு 18 சதவீத ஜிஎஸ்டி வரும். கொட்டேஷனில் சொன்ன தொகை அதைச் சேர்த்தா, சேர்க்காமலா என்று எழுதி வாங்கிவிடுங்கள்.

5. மரம் வாங்குவது

சென்னையில் மரத்துக்கு வால்டாக்ஸ் சாலை, பிளைவுட்டுக்கு சைடன்ஹாம்ஸ் சாலை என்று இரண்டு நாள் அலைந்தேன். காலையிலேயே போங்கள், மதியத்துக்கு மேல் கடைக்காரர்களுக்கு விளக்கம் சொல்லப் பொறுமை இருக்காது.

வெளிர் நிறத்துக்குத் தேக்கு. அடர் நிறத்துக்குப் பலரும் ஈட்டியைக் கேட்பார்கள். வேண்டாம். விலை ஒரு பக்கம். ஈட்டியின் இனம் முழுதும் 2017 முதல், அருகிவரும் உயிரினங்களின் வெளிநாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் இருப்பதால், பிற்பாடு வெளிநாட்டுக்குக் கொண்டுபோக நினைத்தால் காகித வேலை தலைக்கு மேல் வரும். நான் வாகையை எடுத்தேன். அதன் வைரம் (உள்மரம்) நல்ல அடர் பழுப்பு, தேக்குக்குப் பக்கத்தில் எடுப்பாக நிற்கும். வாகை என்று கேட்டால் தூங்குமூஞ்சியை எடுத்துக் காட்டுகிறவர்களும் உண்டு. அது சற்று லேசான மரம், மோசமில்லை, ஆனால் வாகை விலை கொடுக்காதீர்கள். வாகையை அறுக்கும்போது தூசி மூக்கில் ஏறித் தும்மல் பிடுங்கும், முகக்கவசம் கட்டாயம்.

நிறத்தை இழைக்காத பலகையில் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஓர் ஓரத்தில் இழைக்கச் சொல்லி ஈரத்துணியால் துடையுங்கள். அந்த ஈர நிறம்தான் ஏறக்குறைய பாலிஷுக்குப் பிறகு வரும் நிறம். புதிதாக அறுத்த தேக்கு திட்டுத் திட்டாகப் பச்சை கலந்து தெரிந்தால் பயப்படாதீர்கள், சில வாரம் வெளிச்சம் பட்டால் சீராகிவிடும்.

ஈரமானி ஒன்று வாங்குங்கள், ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். பலகை 12 சதவீதத்துக்கு மேல் காட்டினால் வாங்காதீர்கள். “நல்லா காஞ்ச மரம் சார்” என்பது எல்லாக் கடையிலும் சொல்லும் வாசகம். வாங்கிய பிறகும், டீப்பாய் இருக்கப்போகும் அறையிலேயே பத்து நாள் அடுக்கிவையுங்கள், ஒவ்வொரு பலகைக்கும் நடுவே சட்டம் கொடுத்துக் காற்றுப் போகிற மாதிரி. ஏசி அறை என்றால் இது இன்னும் முக்கியம்.

அடிப்பலகைக்கு 18 மி.மீ. பிளைவுட். இந்தியத் தர எண் ஐஎஸ் 710 என்றால் கப்பலுக்கான மரைன் வகை. ஹாலுக்கு அது அதிகப்படி, ஐஎஸ் 303 முத்திரை போதும். ஆனால் காலிபரேட்டட் என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண பிளைவுட்டில் கனம் இடத்துக்கு இடம் மாறும். மேலே 3 மி.மீ. துண்டு ஒட்டும்போது அந்த மேடுபள்ளம் அப்படியே தெரியும்.

6. கனம் ஏன் 3 மி.மீ.

மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது. அகலவாக்கில் ஈரம் ஏறினால் பெருக்கும், காய்ந்தால் சுருங்கும். தேக்கு அசைவு குறைந்த மரம். அதுவே 600 மி.மீ. அகலப் பலகையில் ஈரம் நான்கு சதவீதம் மாறினால் 4 மி.மீ. போல நகரும். பென்ரோஸ் வடிவத்தில் துண்டுகள் ஐந்து திசைகளில் கிடக்கின்றன. அதனால் ஒவ்வொன்றும் பக்கத்துத் துண்டை வேறு வேறு பக்கம் தள்ளும். அடியில் இருக்கும் பிளைவுட் அசையாது. ஒன்பதரை மி.மீ. துண்டுக்குத் தன் விருப்பத்துக்கு நகரும் பலம் இருக்கிறது. அது பசையைப் பிய்த்துக்கொண்டு எழும், இல்லையென்றால் பிளைவுட்டையே வளைக்கும். என்னுடையது இரண்டையும் செய்தது. 3 மி.மீ. துண்டுக்கு அந்தப் பலம் இல்லை, பிளைவுட் சொன்னபடி கேட்கும்.

பலகையை 4 மி.மீ. ஆக அறுத்து, இழைத்து 3-க்குக் கொண்டுவர வேண்டும். இவ்வளவு மெல்லிய பட்டையை எல்லா ரம்ப ஆலையும் அறுக்காது, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

7. மாதிரி, அப்புறம் அறுப்பு

முழு வேலைக்கு முன் ஒரு சதுர அடி மாதிரி செய்யுங்கள். அதே மரம், அதே பசை, அதே பாலிஷ். ஒரு வாரமும் சுமார் 1,500 ரூபாயும் ஆகும். செய்து முடித்ததும் ஓர் இரவு முழுக்க ஈரச் சாக்கின் மேல் வையுங்கள், மறுநாள் மின்விசிறிக்கு அடியில் வையுங்கள். எழும்பாமல் இருந்தால் மேலே போகலாம். அந்த மாதிரியின் பின்னால் இருவரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், பாலிஷ் நிறத்தில் பின்னால் வாக்குவாதம் வந்தால் அதுதான் சாட்சி.

வெட்டுவதற்கு இரண்டு வழி. ஆசாரியின் கட்டிங் மெஷினில் குண்டை வெட்டலாம்: 57 மி.மீ. அகலப் பட்டையை, பிளேடை 18 பாகை திருப்பி வெட்டினால் ஆயிற்று. ஒல்லிக்குத்தான் தகராறு. அதற்கு 35.3 மி.மீ. பட்டையில் 54 பாகை திருப்ப வேண்டும், கோணம் திருப்பி வெட்டும் மைட்டர் ரம்பங்களில் பெரும்பாலானவை 45 அல்லது 50-க்கு மேல் திரும்பாது. தனியாகச் சாய்வுச் சட்டம் ஒன்று செய்துகொள்ள வேண்டும். கோணத் துல்லியமும் வேண்டும். ஐந்து குண்டுகள் ஒரு புள்ளியில் சேரும் இடத்தில் ஒவ்வொன்றிலும் அரைப் பாகை பிசகினால் மொத்தம் இரண்டரைப் பாகை. 60 மி.மீ. தூரத்தில் அது இரண்டரை மி.மீ. இடைவெளியாக வாயைப் பிளக்கும்.

நான் இரண்டாவது முறை லேசருக்குப் போனேன். அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைப் பக்கம் விசாரித்தால் வெட்டித் தருகிறவர்கள் கிடைப்பார்கள். சிலர் நிமிடத்துக்கு, சிலர் மீட்டருக்கு விலை சொல்வார்கள். ஒரு துண்டின் சுற்றளவு 240 மி.மீ., 235 துண்டுக்குச் சுமார் 56 மீட்டர் வெட்டு. இந்தக் கணக்கோடு போனால் விலை பேசச் சுலபம். விளிம்பு கரியும், அந்தக் கரி ஒட்டிய பிறகு துண்டுகளுக்கு நடுவே மெல்லிய கறுப்புக் கோடாக நின்றது. எனக்கு அது பிடித்திருந்தது, சிறு இடைவெளிகளையும் மறைத்துவிட்டது. பிடிக்காதவர்கள் கையால் வெட்டும் வழியைத்தான் பார்க்க வேண்டும். பட்டையை வைக்கும்போது மரத்தின் ரேகை எல்லாத் துண்டிலும் ஒரே பக்க விளிம்புக்கு இணையாக வரட்டும். வெளிச்சம் படும்போது துண்டுக்குத் துண்டு மின்னுவது இதனால்தான்.

8. ஒட்டுதல்

205 துண்டையும் ஒவ்வொன்றாகப் பசை தடவி ஒட்ட நினைத்தால் பாதியில் பசை இறுகிவிடும். காகித அச்சின் மேல் எண் வரிசையில், நல்ல முகம் மேலே தெரிய எல்லாவற்றையும் அடுக்குங்கள். எண்ணைப் பென்சிலால் மேல்முகத்திலேயே எழுதலாம், தேய்க்கும்போது போய்விடும். மேலே மாஸ்கிங் டேப்பை நெருக்கமாக ஒட்டி, முழுப் பரப்பை நான்கு பாகமாகத் தூக்கிக்கொள்ளுங்கள். பாகங்களைப் பிரிக்கும் கோடு துண்டுகளின் விளிம்பிலேயே கோணல்மாணலாகப் போகட்டும்.

பிளைவுட்டில் பசையைப் பல்லுள்ள தகட்டால் மெல்லியதாக இழுத்துவிட்டு, ஒரு பாகத்தை வைத்து, மேலே பாலித்தீன் தாள், அதன்மேல் கனமான பலகை, சுற்றிலும் கிளாம்ப். நடுவில் கிளாம்ப் எட்டாது, அங்கே மணல் மூட்டை. 24 மணி நேரம் தொடாதீர்கள். பசை அதிகமானால் அதன் ஈரத்திலேயே துண்டுகள் ஊதும்.

பிளைவுட்டின் அடிப்பக்கத்தை வெறுமையாக விடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் பலகை வளையும். அதே 3 மி.மீ. கனத்தில் மலிவான சில்வர் ஓக் பட்டைகளை, பாய்ப் பின்னல் போலத் திசை மாற்றி மாற்றி ஒட்டினோம். யாரும் பார்க்காத இடம்தான், ஆனால் முதல் முறை நான் விட்டது இதையும்தான்.

நான்கு ஓரமும் ரம்பத்தால் நேராக வெட்டிய பிறகே தேக்குச் சட்டம் அடிக்க வேண்டும். முதலில் சட்டம் அடித்துவிட்டு உள்ளே துண்டுகளை நிரப்புவது நடக்காத காரியம்.

9. தேய்ப்பும் பாலிஷும்

இழைப்புளியை மேலே வைக்கவே விடாதீர்கள். ரேகை ஐந்து திசையில் இருப்பதால் எந்தப் பக்கம் தள்ளினாலும் ஏதோ ஒரு துண்டு பெயரும். சுற்றிச் சுழலும் ஆர்பிட்டல் சாண்டரில் 120-இல் தொடங்கி 180, 240, 320 என்று உப்புத்தாளை மாற்றுங்கள். உங்களிடம் இருப்பது 3 மி.மீ.தான், அரை மி.மீ.க்கு மேல் தேய்க்காதீர்கள்.

பாலிஷுக்கு பியூ (பாலியூரிதேன்) வகையைப் போடுங்கள். சூடான காபி டபராவை வைத்து எடுத்தால் இன்னொரு பாலிஷ் வகையான மெலமைனில் வெள்ளை வளையம் விழ வாய்ப்பு அதிகம். அடிப்பக்கத்துக்கும் குறைந்தது மரத்தின் துளைகளை அடைக்கும் சீலர் அடியுங்கள். மழைநாளில் பாலிஷ் அடித்தால் மேலே வெளுத்துப் பூத்துப்போகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்த வேலையே வேண்டாம். தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய மூன்று வாரங்களில் ஆசாரி உங்கள் போனை எடுக்கவும் மாட்டார். ஜனவரி கடைசியில் தொடங்கினால் மார்ச் நடுவில் கைக்கு வரும்.

10. ஆன செலவும் நாளும்

முதல் முறை செய்து மிஞ்சிய கால்களின் மரத்தையும் கூலியையும் சேர்த்து, முழு டீப்பாய்க்கான கணக்கு இது. பிளைவுட் முழுத் தகடாகத்தான் தருவார்கள், 3,840. தேக்கு ஒன்றேகால் கன அடி, 5,600. வாகை 1,500. சில்வர் ஓக் 1,200. பட்டை அறுக்கவும் இழைக்கவும் 1,500. லேசர் 2,400. ஆசாரிக்கு நாளுக்கு 1,400 வீதம் ஒன்பது நாள், 12,600. பாலிஷ்காரருக்குப் பொருளோடு 4,500. அச்சு 300, லோடு ஆட்டோ 900. கூட்டினால் 34,340 ரூபாய். மாதிரிப் பலகைக்கான 1,500 தனி.

நாள் கணக்கில்: வரைபடம் ஒரு வாரம், மாதிரி ஒரு வாரம், மரம் அறையில் கிடக்கப் பத்து நாள், அறுப்பும் லேசரும் நான்கு நாள், ஒட்டவும் கால் பூட்டவும் ஒன்பது நாள், பாலிஷ் ஒரு வாரம். எல்லாம் சரியாக நடந்தால் ஆறேகால் வாரம். எனக்கு எட்டு வாரம் ஆனது. லேசர் கடையில் ஒரு கல்யாணம்.

11. செய்து விற்க நினைத்தால்

உங்கள் டீப்பாயின் தோற்றத்தை 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின் கீழ் பதியலாம். தனிநபருக்கு விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய், பதிவுப் பட்டியலில் ஃபர்னிச்சர் வருவது ஆறாம் வகுப்பில். பாதுகாப்பு பத்து ஆண்டு, நீட்டித்தால் இன்னும் ஐந்து. பென்ரோஸ் வடிவம் உலகறிந்த ஒன்று, அதையே உங்களுடையது என்று பதிய முடியாது. காலும் சட்டமும் மேல்பலகையும் சேர்ந்த மொத்தத் தோற்றம் புதிதாக இருக்க வேண்டும். விண்ணப்பம் போடும் முன் இன்ஸ்டாகிராமில் படம் போட்டுவிட்டால் அந்தப் புதுமையும் போய்விடும். நான் போட்டுவிட்டேன், அதனால் இந்தப் படியை நான் தாண்டவில்லை.

12. வீட்டுக்கு வந்த பிறகு

முதல் ஒரு மாதம் மேலே துணி விரிக்காதீர்கள், விரித்த இடமும் விரிக்காத இடமும் வேறு வேறு நிறமாகும். பூச்சாடியும் அப்படித்தான், இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். ஏசிக் காற்று நேராகப் படும் இடத்தில் போடாதீர்கள்.

மிஞ்சிய துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதே பலகையின் அதே நிறம் எந்தக் கடையிலும் இனிக் கிடைக்காது. பத்துக் குண்டு, ஐந்து ஒல்லியை ஜிப் கவரில் போட்டு, எண் போட்ட வரைபடத்தின் சிறிய பிரதியோடு பலகையின் அடியில் ஒட்டிவைத்திருக்கிறேன். போன மாதம் இடியாப்ப உழக்கு கைதவறி விழுந்து 88-ஆம் எண் ஒல்லியின் முனை சில்லுப் பெயர்ந்தது. அந்த கவரிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன், ஆசாரி அரை மணி நேரத்தில் மாற்றிவிட்டார்.